கேட் ஷெப்பர்டின் 1893 மனு: மதுவிலக்குச் சங்கத்திலிருந்து வாக்குரிமை வந்தது எப்படி?

கேள்வி

நியூசிலாந்தின் கேட் ஷெப்பர்ட் பற்றிக் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு மணி நேர உரை தயார் செய்கிறேன். தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் "1893இல் பெண்களுக்கு வாக்குரிமை வாங்கித் தந்தார், பத்து டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது" என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. எனக்கு வேண்டியது வேலை நடந்த விதம்.

மூன்று இடத்தில் தெளிவில்லை. குடியை ஒழிக்கத் தொடங்கிய சங்கம் ஏன் வாக்குரிமைக்குத் திரும்பியது? அந்தப் பெரிய மனுவில் 25,519 கையெழுத்து என்று ஓரிடத்திலும் 31,872 என்று வேறிடத்திலும் போட்டிருக்கிறார்கள், எது சரி, எப்படித் திரட்டினார்கள்? மேலவையில் 20க்கு 18 என்று நூலிழையில் நிறைவேறியது எதனால்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

எண் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டும் சரி. 1893இல் நாடாளுமன்றத்துக்குப் போனது ஒரே மனு இல்லை, 13 மனுக்கள். அவற்றில் பெரியதில் 25,519 கையெழுத்து. அதோடு மற்ற பன்னிரண்டையும் கூட்டினால் மொத்தம் 31,872. அந்தப் பெரிய சுருள் மட்டும்தான் இன்று மிஞ்சியிருக்கிறது, அதனால் அதன் எண்ணிக்கை தனியாகப் புழங்குகிறது. உங்கள் உரையில் "சுருளில் 25,519, மொத்தம் 31,872" என்றே சொல்லுங்கள். அன்றைக்கு அந்த நாட்டில் இருந்த ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில், வயது வந்தவர்களை மட்டும் எடுத்தால், ஏறக்குறைய நாலில் ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பொருள். எண்ணைவிட இந்த விகிதம்தான் மாணவிகள் மனதில் நிற்கும்.

இனி மதுவிலக்கு. 1885இல் அமெரிக்காவிலிருந்து மேரி லெவிட் என்பவர் வந்து ஊர் ஊராகப் பேசி, கிறித்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்துக்குக் கிளைகள் அமைத்தார். கேட் ஷெப்பர்ட் கிறைஸ்ட்சர்ச் கிளையின் தொடக்க கால உறுப்பினர். லிவர்பூலில் பிறந்து, 1869இல் நியூசிலாந்து வந்து, 1871இல் வால்டர் ஷெப்பர்ட் என்ற கடைக்காரரை மணந்தவர். சங்கத்தில் சேரும்போது சிறு வயது மகன் இருந்தான்.

குடி அந்தப் பெண்களுக்கு ஒழுக்கம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. 1884ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வரும் வரை, மனைவியின் சொத்தும் சம்பாத்தியமும் பெரும்பாலும் சட்டப்படி கணவன் கையில். அவன் மதுக்கடையில் கொட்டினால் அவளுக்குக் கேட்க வழியில்லை. சங்கம் முதலில் கையில் எடுத்த கோரிக்கைகள் மிகச் சிறியவை: மதுக்கடைகளில் பரிமாறும் வேலைக்குப் பெண்களை வைக்கக் கூடாது, குழந்தைகளுக்கு மது விற்கக் கூடாது. மனு போட்டார்கள். அரசு அசையவில்லை. வாக்கில்லாதவர் கொடுக்கும் மனுவை ஓர் உறுப்பினர் ஒதுக்கி வைத்தால் அடுத்த தேர்தலில் அவருக்கு எந்தச் சேதமும் இல்லை என்பது அங்கே புரிந்தது. கடையை மூட வேண்டுமானால் முதலில் வாக்கு வேண்டும். இந்த ஒரு கண்ணியைச் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் முதல் கேள்வி தீர்ந்தது.

சங்கத்தின் அமைப்பு இதற்குத் தோதாக இருந்தது. வேலைகளைத் துறை துறையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைப்பது அவர்கள் வழக்கம். 1887இல் வாக்குரிமை மற்றும் சட்டத் துறையின் தேசியப் பொறுப்பாளராகக் கேட் ஷெப்பர்ட் வந்தார். கையில் கிடைத்தது ஒரு நாடு தழுவிய கடிதப் போக்குவரத்து. 1888இல் பெண்கள் ஏன் வாக்களிக்க வேண்டும் என்பதற்குப் பத்துக் காரணங்களை எழுதித் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டார். நீண்ட கட்டுரை கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நின்றபடியே படித்து முடிக்கும் அளவு. 1891 முதல் மதுவிலக்குப் பத்திரிகை ஒன்றில் 'பெனலோப்பி' என்ற புனைபெயரில் பெண்கள் பக்கத்தை நடத்தினார். அந்தப் பக்கத்தின் வழியாகக் கிளைகளோடு தொடர்பு அறாமல் இருந்தது.

மனு திரட்டிய முறை இது. தலைப்பில் கோரிக்கை அச்சிட்ட தாள்கள், கீழே பெயருக்கும் முகவரிக்கும் கோடு போட்ட பத்திகள். 21 வயது நிரம்பிய பெண்கள் கையெழுத்திட வேண்டும். தாள்கள் தபாலில் கிளைகளுக்குப் போகும், அங்கிருந்து வீடு வீடாக. நிரம்பியவை கிறைஸ்ட்சர்ச்சுக்குத் திரும்பும். கேட் ஷெப்பர்ட் தன் வீட்டில் அவற்றை ஒன்றின் அடியில் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையின் துண்டில் சுற்றினார். மொத்தம் 500க்கும் மேற்பட்ட தாள்கள், 270 மீட்டருக்கும் அதிகமான நீளம். ஒரு தாளுக்குச் சராசரி ஐம்பது பெயர், அரை மீட்டர் நீளம் என்று கணக்கு வரும். 400 மீட்டர் ஓட்டப்பாதையில் மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றிவரும் காகிதம். உங்கள் கல்லூரி மைதானத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துக் காட்டினால் போதும், படம் தேவையில்லை.

1893 ஜூலை 28இல் மனு சமர்ப்பிக்கப்பட்டது. வாக்குரிமையை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் ஹால் சுருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவையின் நடுப்பாதையில் உருட்டிவிட்டார். அது விரிந்துகொண்டே ஓடி, எதிர்ச் சுவரில் கட்டை மோதி நின்றது.

பதில் 2

மேலே உள்ளதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1893 மனு தனியாக முளைத்தது இல்லை. 1891இல் 9,000க்கு மேல், 1892இல் 20,000க்குச் சற்றுக் குறைவு, 1893இல் 32,000க்கு அருகில். மூன்று வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியதற்குக் காரணம், மதுவிலக்குச் சங்கத்துக்கு வெளியே கதவு திறந்ததுதான். "மதுவைத் தொட மாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்க விரும்பாத பெண்களும், கிறித்தவ அமைப்பில் சேரத் தயங்கியவர்களும் வாக்குரிமையை விரும்பினார்கள். 1892இல் டனீடன் நகரில் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைக் கழகம் அவர்களுக்கானது. மேரியன் ஹட்டன் அதன் தலைவர். தையல் தொழிலாளர் சங்கத்தை நடத்திய ஹாரியட் மோரிசன் அதில் முன்னணியில் நின்றார், தொழிற்சாலைப் பெண்களின் கையெழுத்து அந்த வழியாக வந்தது. மதுவிலக்கு இல்லாமல் இயக்கம் தொடங்கியிருக்காது. மதுவிலக்கோடு மட்டும் நின்றிருந்தால் இந்த எண்ணிக்கை வந்திருக்காது. என் பார்வையில் கேட் ஷெப்பர்டின் பெரிய திறமை அவர் பேச்சிலோ எழுத்திலோ இல்லை. தன் கொள்கையை விடாமலே, அந்தக் கொள்கை இல்லாதவர்களுக்கும் இடம் விட்டதில் இருக்கிறது.

மனு வேலையில் எது கெட்டுப்போகும் என்பதற்கு எதிர்த்தரப்பே உதாரணம். டனீடன் உறுப்பினர் ஹென்றி ஃபிஷ் பெண்கள் வாக்குரிமைக்கு எதிராக ஒரு மனுவைக் கிளப்பினார். கூலிக்கு ஆள் வைத்து, மதுக்கடைகளில் தாள்களைச் சுற்றவிட்டார். பொய்ப் பெயர்களும் ஏமாற்றி வாங்கிய கையெழுத்துகளும் வெளியே வந்ததும் அது மதிப்பிழந்தது. கையெழுத்துக்குக் கூலி என்றால் எண்ணிக்கை ஏறும், பெயர் நிற்காது. கேட் ஷெப்பர்டின் தாள்களைத் திரட்டியவர்கள் கூலி வாங்காதவர்கள், பெயருக்குப் பக்கத்தில் முகவரி இருந்தது, போய்க் கேட்டால் ஆள் இருந்தார்.

இனி 20க்கு 18. இதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய இரண்டு தோல்விகளைப் பார்க்க வேண்டும்.

அங்கே சட்டம் இரண்டு அவைகளைத் தாண்ட வேண்டும். பிரதிநிதிகள் அவை தேர்ந்தெடுக்கப்பட்டது. மேலவை நியமன உறுப்பினர்கள் அமர்ந்தது, வாக்காளருக்குப் பயப்படத் தேவையில்லாதவர்கள். ஆகவே கீழவையில் பலர் "ஆதரவு" என்று கைதூக்கிவிட்டு, கொலை வேலையை மேலவை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். 1891இல் ஹால் கொண்டுவந்த மசோதா கீழவையில் நிறைவேறியது. ஆனால் பெண்கள் உறுப்பினராகவும் நிற்கலாம் என்ற திருத்தத்தைக் கீழவை உறுப்பினர் வால்டர் கார்ன்கிராஸ் சேர்த்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலவை நிச்சயம் தள்ள வேண்டும் என்பதற்காக வைத்த சுமை அது. இரண்டே வாக்கில் தோற்றது. 1892இல் வேறு முட்டுக்கட்டை: பெண்கள் தபால் மூலம் வாக்களிக்கலாமா என்பதில் இரண்டு அவைகளும் ஒத்துப்போகாமல் மசோதா காலாவதியானது.

1893 ஏப்ரல் 27இல் பிரதமர் ஜான் பாலன்ஸ் இறந்தார். பெண்கள் வாக்குரிமைக்கு ஆதரவானவர். அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் செடன் முன்பு குமாரா என்ற ஊரில் மதுக்கடை நடத்தியவர், மது வியாபாரிகளுக்கு நெருக்கமானவர். வெளிப்படையாக எதிர்க்க முடியாத நிலையில், மேலவையில் கணக்குப் பார்த்தார். மசோதாவைத் தோற்கடிக்க ஒரு வாக்கு குறைந்தது. தன் கட்சி மேலவை உறுப்பினர் தாமஸ் கெல்லிக்குத் தந்தி அடித்து, எதிர்த்து வாக்களிக்க வைத்தார். செய்தி கசிந்தது. அதுவரை பெண்கள் வாக்குரிமையை எதிர்த்து வந்த வில்லியம் ரெனால்ட்ஸ், எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற இரண்டு எதிர்க்கட்சி மேலவை உறுப்பினர்கள், பிரதமரின் இந்தக் கைவரிசையில் கொதித்துப்போய் ஆதரவாக வாக்களித்தார்கள். செப்டம்பர் 8, 20க்கு 18. செடன் வெட்டிய குழியில் அவரே விழுந்தார்.

இதை "தற்செயலாகக் கிடைத்த வெற்றி" என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. இரண்டு பேர் கோபத்தில் மாறினார்கள் என்பது உண்மை. மற்ற பதினெட்டுப் பேரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது ஆறு வருடக் கடிதமும் 31,872 கையெழுத்தும்.

அதோடும் முடியவில்லை. ஆளுநர் கிளாஸ்கோ பிரபு கையெழுத்திடக் கூடாது என்று தோற்ற தரப்பு அவரிடமே முறையிட்டது. ஆதரவு உறுப்பினர்களின் சட்டைப் பொத்தான் துளையில் பெண்கள் கொடுத்த வெள்ளைக் கமேலியாப் பூ, எதிர்த்தவர்களிடம் சிவப்புக் கமேலியா. பதினொரு நாள் இழுபறிக்குப் பிறகு செப்டம்பர் 19இல் கையெழுத்தானது. உங்கள் உரையில் தேதி சொல்லும்போது 8, 19 இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது மேலவை, பின்னது சட்டமான நாள்.

கேட்டவர்

மிக்க நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மாணவிகள் கண்டிப்பாகக் கேட்கப்போகும் கேள்வி ஒன்று பாக்கி. பெண்களுக்கு வாக்கு வந்ததும் மதுக்கடைகள் மூடினவா?

பதில் 3

சில தொகுதிகளில் மூடின. நாடு முழுக்க ஒருபோதும் இல்லை. மயிரிழையில் இரண்டு முறை தவறியது.

முதலில் வாக்குப்பதிவு. சட்டம் வந்தது செப்டம்பர் 19, தேர்தல் நவம்பர் 28. நடுவில் பத்தே வாரம். சட்டம் வந்தவுடன் வாக்கு தானாக வந்துவிடாது, பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பட்டியல் தேர்தலுக்கு முன்பே மூடிவிடும் என்பதால் உண்மையில் இருந்த அவகாசம் அதைவிடக் குறைவு. மனுத் தாளோடு வீடு வீடாகப் போன அதே பெண்கள் இப்போது பதிவுப் படிவத்தோடு போனார்கள். 1,09,461 பெண்கள் பதிந்தார்கள், 90,290 பேர் வாக்களித்தார்கள். 82 சதவீதம். பதிவு பெற்ற ஆண்களில் வந்தது 70 சதவீத அளவு. "பெண்கள் உரிமை கேட்கவில்லை, கொடுத்தாலும் பயன்படுத்த மாட்டார்கள்" என்ற வாதம் ஒரே நாளில் செத்தது.

மதுவுக்கு வருவோம். அதே 1893இல் செடன் அரசு மது விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தொகுதிதோறும் வாக்கெடுப்பு: கடைகள் அப்படியே தொடரலாமா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, உரிமமே வேண்டாமா. பார்த்தால் மதுவிலக்குக்காரர்களுக்குத் தந்த பரிசு. உள்ளே ஒரு பூட்டு இருந்தது. "உரிமம் வேண்டாம்" என்பதற்கு ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 சதவீதம் வேண்டும். மதுவிலக்கு இயக்கம் கேட்டது எளிய பெரும்பான்மை. 1894இல் அந்தப் பூட்டைத் திறந்த தொகுதி தெற்கே உள்ள குளூத்தா ஒன்றே.

1911இல் நாடு தழுவிய மதுவிலக்குக்கு 55.8 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பெரும்பான்மை கிடைத்தும் 60 எட்டாததால் தோல்வி. பிறகு எளிய பெரும்பான்மை போதும் என்று விதி மாறி, 1919 ஏப்ரலில் மறுபடி வாக்கெடுப்பு. உள்நாட்டு வாக்கில் மதுவிலக்கு முன்னிலை. உலகப் போர் முடிந்து இன்னும் ஊர் திரும்பாத படைவீரர்களின் வாக்கு எண்ணப்பட்டது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் மதுக்கடை தொடரட்டும் என்றார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு வாக்கெடுப்பும் நூலிழையில் தோற்றது. நிலைத்து நின்றது ஒன்றுதான்: 1917இல் போர்க்கால ஏற்பாடாக வந்த மாலை ஆறு மணிக் கடையடைப்பு, 1967 வரை நீடித்தது. அதற்கும் ஒரு கெட்ட விளைவு உண்டு. ஐந்து மணிக்கு வேலை முடிந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்த மட்டும் குடித்துத் தீர்த்தார்கள்.

கேட் ஷெப்பர்ட் இதற்குள் வேறு வேலைகளுக்கு நகர்ந்திருந்தார். 1895இல் சங்கத்தின் சொந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர், 1896இல் கிறைஸ்ட்சர்ச்சில் உருவான தேசியப் பெண்கள் மன்றத்தின் முதல் தலைவர். சம வேலைக்குச் சம ஊதியம், மனைவியின் பொருளாதாரச் சுதந்திரம், மணவிலக்குச் சட்டத்தில் சமநிலை என்று போனார்கள். இந்தக் கடைசி ஒன்று 1898இல் கிடைத்தது, அதுவரை கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு காரணங்கள் கேட்கப்பட்டன. உரையை 1893இல் நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 4

இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள். சட்டம் அவர்களையும் சேர்த்தே வந்தது, இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதி. 1893 மே மாதம் மாவோரிகளின் தனி நாடாளுமன்றமான கோத்தகித்தங்காவில் மேரி தே தாய் மங்ககாகியா எழுந்து, பெண்களுக்கு வாக்குரிமையோடு அங்கே உறுப்பினராக அமரும் உரிமையும் வேண்டும் என்று கேட்டார். மாவோரிப் பெண்கள் நிலம் வைத்திருக்கிறார்கள், நிர்வகிக்கிறார்கள் என்பது அவர் வாதம். கேட் ஷெப்பர்ட் மனுவில் கேட்டதைவிட ஒரு படி மேலே போன கோரிக்கை. மாவோரித் தொகுதிகளில் தேர்தல் டிசம்பர் 20, வாக்காளர் பட்டியல் கிடையாது, சுமார் 4,000 பெண்கள் வாக்களித்ததாக மதிப்பீடு. ஆக, மேலே வந்த 90,290இல் அவர்கள் இல்லை. இன்னொரு கசப்பான உண்மை, மதுவிலக்குச் சங்கத்தில் சேர மாவோரிப் பெண்கள் முகத்தில் பச்சை குத்தும் தங்கள் மரபைக் கைவிடுவதாக ஏற்க வேண்டியிருந்தது. உரிமைக்காக நின்ற அமைப்புக்குள்ளும் இது இருந்தது, மறைக்க வேண்டாம்.

"உலகிலேயே முதல்" என்பதைக் கவனமாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வயோமிங் பிரதேசத்தில் 1869இலேயே பெண்கள் வாக்கு வந்துவிட்டது. மேன் தீவில் 1881இல் சொத்துள்ள பெண்களுக்குக் கிடைத்தது. "நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை தந்த முதல் தன்னாட்சி நாடு" என்றால் யாரும் மறுக்க முடியாது. அந்த "எல்லா"விலும் அயல்நாட்டவராகக் கருதப்பட்டவர்கள், சீனப் பெண்கள் உட்பட, இல்லை. கேட் ஷெப்பர்ட் பிறந்த ஆண்டையும் 1847, 1848 என்று இரண்டு விதமாகப் பார்ப்பீர்கள், ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

தேர்தலில் நிற்கும் உரிமை 1919இல்தான் வந்தது. முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் மெக்கோம்ஸ், 1933 இடைத்தேர்தலில் லிட்டெல்டன் தொகுதியில். கேட் ஷெப்பர்ட் 1934 ஜூலை 13 வரை உயிரோடிருந்தார், அதைப் பார்த்துவிட்டே போனார்.

மனுச் சுருள் இன்று வெலிங்டன் தேசிய நூலகக் கட்டடத்தில் காட்சிக்கு இருக்கிறது. 1997 முதல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் உண்டு. நியூசிலாந்து அரசின் வரலாற்று இணையதளத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயரையும் ஊரையும் தேடலாம், மாணவிகளைத் தேடச் சொன்னால் உரையைவிட அதிகம் கற்பார்கள். தேடும்போது வழக்கமாகச் சறுக்கும் இடம்: மணமான பலர் தம் சொந்தப் பெயரை எழுதாமல் "திருமதி" போட்டுக் கணவரின் முன்னெழுத்தோடு கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே முதற்பெயரைப் போட்டுத் தேடினால் வராது, குடும்பப் பெயரையும் ஊரையும் மட்டும் போடுங்கள். கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது எழுத்து மாறியிருக்கலாம் என்பதால் குடும்பப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். கிடைத்த பெயரை 1893 வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் தொழில் என்ற பத்தியில் பக்கம் பக்கமாக "வீட்டு வேலை" என்றே இருக்கும். மற்ற 12 மனுக்கள் மிஞ்சவில்லை, அதனால் தேடிய பெயர் கிடைக்காவிட்டால் அந்தப் பெண் கையெழுத்திடவில்லை என்று முடிவு கட்ட முடியாது.